சலவைக்கல் சுருங்காது

பர்ஸ்லெம்,
22 செப்டம்பர் 1857, செவ்வாய்

என் பிரியமான ஜேபஸ் அவர்களுக்கு,

சனிக்கிழமை சூளை திறந்தபோது அங்கே இருந்தவர்கள்: சூளைக்காரர் ரால்ஃப் டன்னிக்ளிஃப், மேலாளர் கிளூலோ ஐயா, உங்கள் தங்கை லேயா, போதகரின் மனைவி கார்சைடு அம்மாள், நான். ரால்ஃபின் நாயையும் சேர்த்தால் ஆறு. வேறு யாரும் இல்லை. பேர் பேராக ஏன் எழுதுகிறேன் என்றால், நாளைக்கு ஊரில் யாராவது உங்களிடம் வேறு மாதிரி சொன்னால், கண்ணால் பார்த்தவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சூளை இன்னும் ஆறவில்லை. ரால்ஃப் ஈரச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய், நம் ஃபீபியின் பீங்கான் தலை இருந்த மண்பெட்டியைத் தானே தூக்கிவந்தார். வேறு ஆளைத் தொட விடவில்லை. "கொஞ்சம் தள்ளி நில்லு கண்ணு, சூடு அடிக்கும்" என்றார் என்னிடம். மூடியை எடுத்தார். "அழகா வந்திருக்கு. ஒரு கீறல் இல்ல" என்றார்.

உண்மைதான். கீறல் இல்லை. பால் வெள்ளை. மூக்கு அவள் மூக்கு. கீழுதட்டில் அந்தச் சின்ன மடிப்பும் இருந்தது. ஆனால் சிறிதாக இருந்தது. ஏழு முடிந்து எட்டில் நடந்த பிள்ளையை நாம் ஆகஸ்டில் அடக்கம் செய்தோம். பெட்டிக்குள் இருந்தது நாலு வயதுப் பிள்ளையின் தலை.

லேயாதான் முதலில், "அண்ணி, அண்ணன் அளவு கூட்டிப் போடலியா?" என்றாள். கிளூலோ ஐயா, "யாரு, ஜேபஸா? கண்ணக் கட்டிவிட்டாக்கூட அவன் கை கால் பங்கு கூட்டித்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு, கையில் ஒட்டாத எதையோ கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். கார்சைடு அம்மாள் ஜெபம் பண்ணினார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, ஓய்வுநாளுக்கு அவள் போடும் தொப்பியை எடுத்து அதற்குப் போட்டுப் பார்த்தேன். கண், மூக்கு எல்லாம் தாண்டி மோவாய்க்கு வந்துவிட்டது. லேயா பிடுங்கிக்கொண்டாள். "இதெல்லாம் பண்ணாத அண்ணி, பயமா இருக்கு."

கல்யாணத்துக்கு முன்னால் அதே பட்டறையில் தங்கப்பூச்சுக்கு மெருகு போட்டவள் நான். பளிங்குப் பீங்கான் தீயில் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும் என்று எனக்குத் தெரியாதா? நாய்க்குட்டிக்கும், ஆட்டிடைச்சிக்கும், தேநீர்க் கெண்டியின் அன்ன மூக்குக்கும்கூட இத்தனை வருஷமாக அளவு கூட்டிச் செய்தவர் நீங்கள். நம் பிள்ளைக்கு மட்டும் எப்படி மறந்தது?

கோபமாக எழுதவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

மற்றபடி கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். பாலைப் பாதியாகக் குறைத்துக் கணக்கில் எழுதிவிட்டேன். பால்காரி காரணம் கேட்கவில்லை, நல்லவள். லண்டனிலிருந்து நீங்கள் திரும்புவீர்கள் என்று, பட்டறையில் உங்கள் மேசையை நவம்பரில் வரும் மார்ட்டின் திருநாள் வரைக்கும் வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்கிறார் கிளூலோ ஐயா. அன்றைக்கு வந்து வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் போதுமாம். என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பள்ளியில் வாசிக்க மட்டும்தான் சொல்லித் தந்தார்கள். ஓய்வுநாளில் எழுதினால் பாவமாம். எழுத்து நானாகக் கற்றது.

உங்கள் அன்பு மனைவி,
தெர்சா


லேம்பெத், லண்டன்,
30 செப்டம்பர் 1857

அன்புள்ள தெர்சா,

உன் கடிதத்தைக் கல்தூசிக்குள் நின்றுகொண்டே படித்தேன். உட்கார இங்கே இடமில்லை. ஹாலம் ஐயா ஒரு ஜெனரலின் சிலை செய்கிறார். முகம் அவர் செதுக்குவார், அடியில் பெயரும் அவர் பெயர்தான். பொத்தான், சரிகை, பூட்ஸின் மடிப்பு எல்லாம் என் வேலை. இந்த மாதம் முழுக்கப் பொத்தான்.

நான் மறக்கவில்லை தெர்சா.

நீ அடுப்படியில் இருந்தாய், பார்த்திருக்கமாட்டாய். அவள் முகத்திலிருந்து எடுத்த பிளாஸ்டர் அச்சைப் பக்கத்தில் வைத்து, அளவுக்கோல் பிடித்து, கால் பங்கு கூட்டி முதலில் மண்ணில் செய்யத்தான் தொடங்கினேன். பலகையில் வந்து நின்றது யாரோ ஒரு பெரிய முகத்துக்காரி. மூக்கு அவள் மூக்கு, அளவுக்கு அளவு சரி. ஆனால் ஒரு பூதத்தின் பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தது. அதைத் திரும்ப மண் தொட்டியில் போட்டேன். பிறகு அச்சுக்குள்ளேயே மண்ணை அழுத்தினேன். அவளைத் தொட்ட அச்சு அது. பின்தலையையும் கூந்தலையும் மட்டும் கையால் சேர்த்தேன். அவள் எப்படி இருந்தாளோ அப்படி ஒரு மத்தியானமாவது என் எதிரில் இருக்கட்டும் என்று நினைத்தேன். தீ என்ன செய்யும் என்று தெரிந்தேதான் சூளைக்கு அனுப்பினேன். உன்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். சொல்லத் தைரியம் வரவில்லை.

இப்போது ஒன்று கேட்கிறேன். சலவைக்கல் சுருங்காது. உளி நின்ற இடத்தில் நிற்கும். இங்கே முற்றத்தின் மூலையில் ஒரு பிஷப்பின் நினைவுச்சின்னத்துக்கு வாங்கி மிஞ்சிய துண்டு கிடக்கிறது. என் சொந்த வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் ஹாலம் ஐயா. அந்த அச்சை அனுப்பு. நம் ஃபீபியை அவள் அளவிலேயே செதுக்குகிறேன். வசந்தகாலக் கண்காட்சிக்கும் அனுப்பலாம்.

மார்ட்டின் திருநாளுக்கு வரப் பார்க்கிறேன். தேய்க்கும் தைலம் கொஞ்சம் அனுப்பு; வலது தோள் பிடிக்கிறது.

உன்
ஜேபஸ்


பர்ஸ்லெம்,
12 அக்டோபர் 1857

என் பிரியமான ஜேபஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பலமுறை படித்தேன். பெரிய முகத்துக்காரி என்று எழுதிய இடத்தில் நின்றுவிட்டேன். நான் கேட்ட விதம் தப்பு. மன்னியுங்கள்.

லேயாவுக்கும் படித்துக் காட்டினேன், எல்லாவற்றையும் அல்ல. பொத்தான் வரை. "கல்லுல பொத்தான் செதுக்கவா அண்ணன் லண்டன் வரைக்கும் போனாரு? என்கிட்ட குடுத்தா சட்டையிலயே தச்சுத் தருவேனே" என்றாள். சிரித்துவிட்டேன். ஆகஸ்டுக்குப் பிறகு சிரித்தது அன்றைக்குத்தான். உடனே கார்சைடு அம்மாள் உள்ளே வந்துவிட்டார்கள், என்ன நினைத்தார்களோ.

போதகரிடம் கேட்டேன். "பிள்ளையின் உருவத்தைக் கல்லில் செய்து வீட்டில் வைத்தால் விக்கிரகம் ஆகுமா ஐயா?" அவர், "அதைக் கும்பிடுவியாம்மா?" என்றார். "மாட்டேன்" என்றேன். "அப்ப வீட்டுச் சாமான்" என்றார். நான் நெஞ்சறியச் சொன்ன பதிலா அது என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அச்சைப் பற்றி. நீங்கள் போன பிறகு அதைத் துடைக்க எடுத்தேன். உள்ளே, இடது புருவம் பதிந்த இடத்தில், அவள் முடி இரண்டு மூன்று பிளாஸ்டரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் அவசரத்தில் எண்ணெய் சரியாகத் தடவவில்லை. அதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை, அது நல்லதாகப் போயிற்று. கம்பளியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அந்தச் சின்னத் தலை எனக்குத் தேவையில்லை என்று லேயாவிடம் கொடுத்துவிட்டேன், அவள் ஆசையாக வைத்திருக்கிறாள். எனக்கு அச்சு போதும். விரலை உள்ளே விட்டால் கன்னம் எங்கே குழிகிறது என்று தெரியும். நான் இதை யாரிடமும் சொல்லவில்லை.

இது ரயிலில் தனியாக வரவேண்டாம். நீங்கள் மார்ட்டின் திருநாளுக்கு வாருங்கள். கையெழுத்துப் போடுங்கள். கல் கால்வாய் வழியாக இங்கேயே வருமாம், ரால்ஃப் சொல்கிறார். நம் பின்கட்டில் வைத்துச் செதுக்குங்கள். நான் விளக்குப் பிடிக்கிறேன்.

தைலம் தனிக் கட்டாக அனுப்பியிருக்கிறேன். நெருப்புக்குப் பக்கத்தில் வைத்துத் தேய்க்கவும்.

உங்கள் அன்பு மனைவி,
தெர்சா


லேம்பெத்,
16 நவம்பர் 1857

அன்புள்ள தெர்சா,

மார்ட்டின் திருநாள் போய்விட்டது. நான் வரவில்லை. காரணம் ஜெனரலின் குதிரை என்று எழுதலாம். குதிரை வேலை இருந்தது உண்மைதான். ஆனால் நீ கணக்கைச் சரிபார்க்கிறவள். அதனால் உள்ளதையே எழுதுகிறேன். வந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன். போட்டிருந்தால் சாகிற வரைக்கும் அந்த மேசைதான்.

பதின்மூன்று வயதில் பட்டறைக்குள் போனேன். என் கையிலிருந்து போன நாய்கள் பாதி இங்கிலாந்தின் அடுப்பு மாடங்களில் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றைத் தூக்கி அடியில் பார். பட்டறையின் முத்திரை இருக்கும். என் பெயர் எங்கேயும் இல்லை. மாலைப் பள்ளியில் வரைந்து கற்றது, நீ சாப்பாட்டை அடுப்பில் சுடவைத்துக் காத்திருந்தது எல்லாம் அந்த முத்திரைக்குக் கீழே போயிற்று. முப்பத்தெட்டு வயதாகிறது. இன்னொரு கல் எனக்கு யார் கொடுப்பார்கள்?

அச்சு வேண்டும் தெர்சா. நினைவிலிருந்து செதுக்கிப் பார்த்தேன். ஜூன் மாதத்து ஃபீபி வருகிறாள், ஓடுகிற பிள்ளை. எங்கே மோவாய் முடிகிறது என்று கை தடுமாறுகிறது. உயிரோடு கடைசியாக அவள் இருந்த முகம் எனக்குத் தெரியாது. அது உனக்குத்தான் தெரியும். நான் லண்டனிலிருந்து வந்து சேர்ந்தபோது வாயைத் துணியால் கட்டியிருந்தீர்கள்.

கண்காட்சி முடிந்ததும் அந்தக் கல் நம் வீட்டுக்கு வரும். யாருக்கும் விற்கமாட்டேன். வேதத்தின்படி சத்தியம் செய்யக் கூடாது என்பாய். அதனால் ஆம் என்று மட்டும் எழுதுகிறேன். ஆம்.

உன்
ஜேபஸ்


பர்ஸ்லெம்,
1 டிசம்பர் 1857

என் பிரியமான ஜேபஸ் அவர்களுக்கு,

அச்சை அனுப்பிவிட்டேன். நாளை மறுநாள் யூஸ்டன் ரயிலடியில் வாங்கிக்கொள்ளவும். நீங்களே போகவும், ஆளை அனுப்ப வேண்டாம்.

ரால்ஃப்தான் கட்டிக் கொடுத்தார். இந்த ஊரில் அவரைப் போல வைக்கோல் அடைக்க ஆளில்லை. "அமெரிக்காவுக்குத் தட்டு அனுப்பியிருக்கேன், ஒண்ணு உடைஞ்சதில்ல. லண்டன் என்ன, பக்கத்து வீடு" என்றார். நான் கம்பளியைப் பிரிக்காமலே கொடுத்தேன். "இது என்னம்மா இவ்வளவு சுத்தியிருக்க, குளிருமா அதுக்கு?" என்று கேட்டுவிட்டு, பிறகு என்ன என்று புரிந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு வேலை செய்தார்.

அச்சு அங்கே வந்தால் வேலை நடக்கும், வேலை நடந்தால் நீங்கள் வருவீர்கள். அப்படித்தான் கணக்குப் போட்டேன். சரியா என்று கர்த்தருக்குத் தெரியும். நீங்கள் "ஆம்" என்று இரண்டு தடவை எழுதியிருந்தீர்கள். ஒன்றே போதுமாக இருந்தது.

வாயைக் கட்டியிருந்ததைப் பற்றி எழுதினீர்கள். கேட்டதால் சொல்கிறேன். கடைசியில் அவள் தொண்டை வீங்கி, பேச முடியாமல், கையால் கதவைக் காட்டிக்கொண்டே இருந்தாள். உங்களைத்தான் கேட்கிறாள் என்று லேயா நினைத்தாள். காற்று வேண்டும் என்கிறாள் என்று நான் நினைத்துக் கதவைத் திறந்து வைத்தேன். முகம் அமைதியாகத்தான் இருந்தது. அப்படியே செதுக்குங்கள்.

உங்கள் மேசைக்கு லாங்டனிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். முயல் பொம்மை நன்றாகச் செய்கிறாராம்.

வைக்கோலுக்குள் ஓட்ஸ் ரொட்டி நாலு வைத்திருக்கிறேன். காய்ந்திருந்தால் தண்ணீர் தெளித்துச் சுடவும். முடியைப் பிடுங்காமல் வேலை செய்யவும்.

உங்கள் அன்பு மனைவி,
தெர்சா


பர்ஸ்லெம்,
17 மே 1858

என் பிரியமான ஜேபஸ் அவர்களுக்கு,

ஈஸ்டருக்கு நீங்கள் எழுதிய நாலு வரிக்குப் பிறகு கடிதம் இல்லை. ஆனால் செய்தி வந்துவிட்டது. போதகர் லண்டன் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் வந்தார். தாழ்வாரத்திலேயே நின்று உரக்கப் படித்தார். கண்காட்சியில் உங்கள் சிலையை நுழைவாயிலுக்குப் பக்கத்தில் தாழ்வாக வைத்திருந்தும், சிறிய வேலைகளில் இதன் முன்னால்தான் பெண்கள் நின்றுவிடுகிறார்களாம். "தூக்கம். ஜே. லோவட்." உங்கள் பெயர், அச்சில். நான் விரலை வைத்துத் தொட்டுப் பார்த்தேன், மை ஒட்டியது.

அவள் பெயரைப் போடாமல் தூக்கம் என்று போட்டதற்குக் காரணம் இருக்கும். கேட்கவில்லை.

கிளூலோ ஐயா தெருவில் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். லேயாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க அண்ணன்" என்று அவள் சொல்கிற சத்தம் ஹான்லி வரைக்கும் கேட்கும். பொத்தானைப் பற்றி யாரும் இனிமேல் பேசக்கூடாதாம். நான்தான் பேசினேனா!

எங்கே வைப்பது என்று யோசித்துவிட்டேன். ஜன்னலுக்குப் பக்கத்தில், கடிகாரம் இருந்த இடம். காலை வெளிச்சம், புகை குறைவாக இருக்கிற நாளில், அங்கேதான் விழுகிறது. தரைப்பலகை தாங்காது என்று ரால்ஃப் அடியில் செங்கல் தூண் கட்டிவிட்டார். "குதிரையே கொண்டுவந்து நிறுத்தலாம்" என்கிறார். கூலி வாங்கவில்லை, இரண்டு வேளை இறைச்சி போட்ட லாபிக் குழம்பு சாப்பிட்டார், நாய்க்கும் சேர்த்து.

கண்காட்சி எப்போது முடியும்? நீங்கள் கூடவே வருவீர்களா, கல் மட்டும் வருமா? அச்சையும் மறக்காமல் கொண்டுவரவும்.

உங்கள் அன்பு மனைவி,
தெர்சா


லேம்பெத்,
9 ஆகஸ்ட் 1858

அன்புள்ள தெர்சா,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

வெரல் சீமாட்டி என்று ஒரு அம்மையார். அவர் மகள் மார்ச்சில் இறந்தாள். ஜார்ஜியானா என்று பெயர், ஃபீபியின் வயது. கண்காட்சி நடந்த நாட்களில் அடிக்கடி வந்து நம் சிலைக்கு முன்னால் நின்றிருக்கிறார். காவலாளி நாற்காலி போட்டுக் கொடுத்தானாம். கண்காட்சி முடிந்து கல் என்னிடம் திரும்பிவந்ததும், அவரே இந்த முற்றத்துக்கு வந்துவிட்டார், பட்டுப் பாவாடையோடு இந்தத் தூசிக்குள். "என் பிள்ளையின் அச்சு எடுக்க யாருக்கும் தோணலையே" என்று அழுதார். எனக்கு உன் ஞாபகம் வந்தது.

அவருக்கு இந்தக் கல் வேண்டும். மோவாயை மட்டும் கொஞ்சம் கூர்மையாக்கி, நெற்றி முடியை ஏற்றினால் ஜார்ஜியானாவாம். வரைந்த படம் ஒன்று கொடுத்திருக்கிறார். கல்லில் சேர்க்க முடியாது, குறைக்கத்தான் முடியும். இது குறைக்கிற வேலைதான். காதை மாற்றவேண்டியதில்லை. காதை யாரும் பார்ப்பதில்லை. காது நம் பிள்ளையின் காதாகவே இருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. அவர் பிள்ளையின் முகம் இன்னொரு வீட்டில் இருக்கக்கூடாது என்கிறார். அதனால் அவருடைய காரியஸ்தர் முன்னிலையில் அச்சை உடைக்க வேண்டும். இங்கே பெரிய இடத்து வேலைகளில் இது வழக்கம்.

நான் எழுதிய 'ஆம்' எனக்கு மறக்கவில்லை. ஆனால் நினைத்துப் பார். அவர் சொல்லி இன்னும் இரண்டு குடும்பங்கள் கேட்டிருக்கின்றன. இரண்டும் பிள்ளைகள். அடியில் என் பெயரை வெட்டச் சம்மதித்திருக்கிறார்கள், ஹாலம் ஐயாவின் பெயரை அல்ல. அடுத்த வருஷம் நீயும் இங்கேயே வந்துவிடலாம். சபை இங்கேயும் இருக்கிறது.

உன் சம்மதம் இல்லாமல் உளி வைக்கமாட்டேன். உன் மனசு பெரியது. இன்னொரு தாயின் துக்கம் உனக்குத் தெரியாததல்ல. பதில் எழுது.

உன்
ஜேபஸ்


பர்ஸ்லெம்,
16 ஆகஸ்ட் 1858, திங்கள்

ஜேபஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாயன்று வந்தது. முதலில் பின்கட்டுக்குப் போய், துவைத்து வைத்த துணியையே திரும்பத் துவைத்தேன். பிறகு முழங்காலில் நின்றேன். அந்த அம்மாளுக்காகப் பேர் சொல்லி ஜெபித்தேன். ஜார்ஜியானாவின் தாய் என்று. அந்தப் பேரைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொல்லச் சொல்ல வந்தது.

வெள்ளிக்கிழமை உங்களுக்குப் பதிலும் எழுதி முடித்துவிட்டேன். கல்லை அந்த அம்மாளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றுதான் எழுதியிருந்தேன். என் பிள்ளைக்கு அச்சாவது இருக்கிறது. அவர்களுக்கு அதுவும் இல்லை. மோவாயைக் குறைத்துக்கொள்ளுங்கள், அச்சை மட்டும் உடைக்கவேண்டாம், முடியாது என்று சொல்லிவிட்டு எனக்கு அனுப்பிவிடுங்கள் என்று எழுதினேன். எழுதி, மடித்து, தபாலுக்குப் போகச் சால்வை எடுத்தேன்.

அப்போது கதவில் ஷெர்வின் நின்றார். பட்டறையின் விற்பனைக்காக ஊர் ஊராகப் போவாரே, அவர்தான். பட்டறைகள் மூடும் நம் ஊர்த் திருவிழா வாரத்தில் லண்டனில் இருந்தாராம். "உங்க வீட்டுக்காரரப் பாத்தேன்மா. திருவிழாத் திங்கக்கிழம. நல்லா இருக்காரு. கொஞ்சம் இளைச்சிருக்காரு" என்றார். உட்காரச் சொல்லி டீ ஊற்றினேன்.

"பொம்பளப்புள்ள தல ஒண்ணு வேல நடந்துட்டிருந்துச்சு. அடடா, என்ன கை அது! பக்கத்துல படம் ஒண்ணு மாட்டியிருந்தாரு, ஒரு சீமாட்டி பொண்ணாம். அச்சு அசல் அதே மூஞ்சி. மோவா இருக்கே மோவா, ஊசி மாதிரி. தரையெல்லாம் வெள்ளச் சில்லு. நம்ம ஊரு ஆளுன்னு சொல்லிக்கப் பெருமையா இருந்துச்சும்மா."

"யார் பிள்ளை என்று சொன்னாரா?" என்று கேட்டேன்.

"கேட்டேன். அந்தம்மா பொண்ணுன்னு சொன்னாரு." பிறகு என் முகத்தைப் பார்த்து, "என்னம்மா, நான் ஏதாவது தப்பா..." என்றார். "இல்லை, சர்க்கரை போட மறந்துவிட்டேன்" என்றேன். அவருக்கு எதுவும் தெரியாது. அவரை ஒன்றும் சொல்லவேண்டாம்.

திருவிழாத் திங்கள் என்பது ஆகஸ்ட் இரண்டு. உளி வைக்கமாட்டேன் என்று நீங்கள் எனக்கு எழுதியது ஒன்பது.

நான் எழுதி வைத்திருந்த பதிலை அடுப்பில் போட்டுவிட்டேன். சம்மதம் கேட்காமலே செய்திருந்தால்கூட என்றைக்காவது ஒருநாள் ஆறியிருக்கும். செய்து முடித்துவிட்டு என்னைக் கேட்டீர்கள். நான் இங்கே முழங்காலில் நின்று அந்த அம்மாளுக்காக மல்லாடிக்கொண்டிருந்தபோது அங்கே தரையில் சில்லு கிடந்திருக்கிறது. என் சம்மதத்தை எதற்காகக் கேட்டீர்கள், ஜேபஸ்? உங்கள் மனசைக் கழுவவா?

உங்கள் பெயர் கல்லில் இருக்கட்டும். நீங்கள் நல்ல சிற்பி, அதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. இன்னும் பல பிள்ளைகளைச் செதுக்குவீர்கள், பல தாய்மார் உங்களை வாழ்த்துவார்கள். லண்டனுக்குக் குடிவரச் சொல்லி இனி எழுதவேண்டாம். நான் வரமாட்டேன். இங்கே எனக்கு வேலை இருக்கிறது. மெருகு போடத் திரும்பவும் சேர்த்துக்கொள்கிறேன் என்று கிளூலோ ஐயா சொல்லியிருக்கிறார். கல்லும் எனக்கு வேண்டாம். அது இப்போது அந்த அம்மாளின் பிள்ளை, அவர்களிடம் அமைதியாக இருக்கட்டும். மனதாரச் சொல்கிறேன்.

எனக்கு வேண்டியது அச்சு மட்டும். ஷெர்வின் அதைப் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

ஸ்டாஃபர்டுக்கு அப்பால் நான் ரயிலில் போனதில்லை. ஆனாலும் வருவேன். நீங்கள் ரயிலடிக்கு வரவேண்டாம், வழியை எழுதினால் கேட்டுக் கேட்டு வந்துவிடுவேன். எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடுவேன். உங்களை ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

கிளம்புவதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரியவேண்டும். அச்சு முழுசாக இருக்கிறதா, உடைத்தாகிவிட்டதா? காரணம் எழுதவேண்டாம், மன்னிப்பும் எழுதவேண்டாம். இருக்கிறது அல்லது இல்லை, இரண்டில் ஒன்று போதும். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.

தெர்சா லோவட்